விற்றதாகச் சொன்ன நிலம்

டெலியோ போர்பாவுக்கு மாட்டின் கால்களைப் பற்றித் தெரிந்ததில் பாதிகூட மனிதர்களைப் பற்றித் தெரியாது. கஸ்டீன் என்ற ஊரைச் சுற்றியுள்ள பால்பண்ணைகளுக்கெல்லாம் போய்க் குளம்பு சீவிக் கொடுப்பது அவன் தொழில். டிரக்கின் பின்னால் ஓர் இரும்பு மேசையை இழுத்துக்கொண்டு போவான். மாட்டை அதன் பக்கத்தில் நிறுத்தி, வாரால் கட்டி, மேசையோடு சேர்த்துப் படுக்க வைத்துவிட்டு, நாலு காலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செதுக்குவான். எந்த மாடு எந்தக் காலைத் தாங்கி நடக்கிறது என்று தூரத்தில் வரும்போதே சொல்லிவிடுவான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சாணி வாடை அவனுக்கு முன்னால் உள்ளே நுழையும். அவன் மனைவி சுல்மீரா பின்வாசலிலேயே மறித்து, பூட்ஸைக் கழற்றச் சொல்லி, நேரே குளிக்கத் துரத்துவாள்.

அதிகம் பேசமாட்டான். சீட்டாட்டம் கிடையாது. ஊரில் நல்லவன் என்று பேர். அந்தப் பேர்தான் அவனைக் கெடுத்தது என்பது என் கட்சி. கெட்டவன் என்று பேர் வாங்கியவனுக்கு ஒரு பொய் சொன்னால் ஒரு பொய்யோடு போய்விடும். நல்லவன் அதைக் கட்டிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

கதை அவன் மகள் லீனா பிறந்ததில் தொடங்குகிறது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். மொடெஸ்டோ ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களுக்கு நடுவே, தோல் உரித்த முயல் மாதிரிக் கிடந்தாள். டெலியோவுக்கு உள்ளே நின்று பார்க்கத் தைரியமில்லை. வெளியே வந்து டிரக்கில் உட்கார்ந்து தூய ஆவியிடம் வேண்டிக்கொண்டான். அவனைப் போலப் போர்ச்சுகீசியத் தீவான தெர்சேராவில் பிறந்து இங்கே வந்தவர்கள் கஷ்டம் வந்தால் வேறு யாரிடமும் போவதில்லை. "இவள் பிழைத்தால் உன் திருவிழா ஊர்வலத்தில் இவளுக்குக் கிரீடம் சூட்டி ராணியாக நிறுத்துகிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் என் கைக்காசில் விருந்து போடுகிறேன்." என் கைக்காசில் என்று சொல்லும்படி யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

லீனா பிழைத்தாள், வளர்ந்தாள், பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டாள், தகப்பனோடு சண்டை போட்டாள். பதினாறு வயதாகும் வருடம், அதாவது இரண்டாயிரத்து ஆறில், டெலியோ வேண்டுதலை நிறைவேற்றக் கிளம்பினான். சுல்மீரா சொன்னாள், ஊரில் உள்ள போர்ச்சுகீசியர் மன்றத்தில் இருக்கிற பழைய அங்கி ஒன்றைப் போட்டுவிட்டு, நாலு குடும்பத்தோடு சேர்ந்து சோப்பாஸ் சமைத்துப் போட்டால் நேர்ச்சை நிறைவேறிவிடும் என்று. சோப்பாஸ் என்பது பெரிய விஷயம் இல்லை. மாட்டிறைச்சிக் குழம்பை ரொட்டித் துண்டுகளின்மேல் ஊற்றி, முட்டைக்கோசும் ஒரு கொத்துப் புதினாவும் வைப்பார்கள். ஆனால் ஊரே வந்து உட்காரும், யாரிடமும் காசு வாங்கக்கூடாது.

"ஒரு தடவதான பண்ணப் போறோம்," என்றான் டெலியோ.

அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. டுலேரியில் ஒரு பெண்மணி மாதக்கணக்கில் உட்கார்ந்து பொன்சரிகையில் புறாவும் கிரீடமும் பின்னிய வெல்வெட் அங்கி வந்தது. அதைப் பின்னால் தூக்கிக்கொண்டு நடக்க எட்டுப் பெண்கள், அவர்களுக்கும் ஒரே மாதிரி உடுப்பு. சான் ஹோசேயிலிருந்து பேண்டு வாத்தியம். விருந்துக்கென்று கொழுத்த காளைகள். வேண்டுதலில் வெல்வெட் கிடையாது, பேண்டு கிடையாது. அதெல்லாம் டெலியோ சேர்த்துக்கொண்டது. தூய ஆவிக்கு இதில் பங்கே இல்லை.

பணத்துக்கு எங்கே போவது? தீவில் அவன் அப்பா விட்டுப்போன மேய்ச்சல் நிலம் ஒன்று அவன் பேரில் இருந்தது. அவன் தம்பி உர்பானோ அதில் மாடு மேய்த்துக்கொண்டு, எனக்கே விலைக்குக் கொடுத்துவிடேன் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். டெலியோ ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

"உர்பானோவுக்கு நிலத்த குடுத்துடப் போறேன்."

சுல்மீரா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "உங்கப்பா கல்லு கல்லா அடுக்குன சுவராச்சே டெலியோ."

"என் பொண்ணுக்குத்தான?"

அவள் அழுதாள். அன்று ராத்திரி அவன் தலையைத் தடவிக்கொண்டே தூங்கினாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவன் அவளிடம் இவ்வளவு மரியாதை சம்பாதித்ததில்லை.

உர்பானோ பத்திரத்தை அனுப்பிவைத்தான். டெலியோ அதைச் சமையலறை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பேனாவும் கையுமாக உட்கார்ந்தான். சத்தியமாகக் கையெழுத்துப் போடத்தான் உட்கார்ந்தான். முடியவில்லை. இங்கே எவன் மாட்டுக்கோ காலைச் செதுக்கிக்கொண்டிருந்தாலும், அங்கே ஒரு நிலத்துக்கு நான் முதலாளி என்ற நினைப்பில்தான் அவன் முப்பது வருடமாக நிமிர்ந்து நடந்திருந்தான். பத்திரத்தை மடித்து டிரக் இருக்கைக்கு அடியில் திணித்தான். மறுவாரம் வங்கிக்காரன் ஒருவன் வந்தான். வீட்டு விலை ஏறிக் கிடந்த காலம் அது. இருக்கிற வீட்டுக் கடனைப் புரட்டிப் பெரிய கடனாகப் போட்டு, மிச்சம் அறுபதாயிரம் டாலரைக் கையில் கொடுத்தான். பத்து நாள்கூட ஆகவில்லை.

வட்டியைக் குறைக்கிறார்கள் என்று சுல்மீராவிடம் சொன்னான். மஞ்சள் சீட்டு ஒட்டிய இடங்களில் அவள் கையெழுத்துப் போட்டாள். இரண்டு நாள் கழித்து, உர்பானோ பணம் அனுப்பிவிட்டான் என்றான். அவ்வளவுதான். அப்பாவின் நிலத்தைத் தப்புவிக்க, சுல்மீராவின் வீட்டைப் பணயம் வைத்தான். அப்படி நினைத்துச் செய்யவில்லை என்று பின்னால் ஆயிரம் தடவை தனக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் செய்தது அதுதான்.

திருவிழா பிரமாதமாக நடந்தது. ஊர் உண்டது. சுல்மீரா பந்திக்குப் பந்தி தட்டு எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல டெலியோவுக்கு எந்த நாளும் நல்ல நாளாகத் தோன்றவில்லை. கிறிஸ்துமஸுக்குத் தம்பி கூப்பிடுவான், சுல்மீரா எடுத்தால் நிலப் பேச்சு வந்துவிடும் என்று காலையிலிருந்தே தொலைபேசிக்குப் பக்கத்தில் காவல் இருப்பான். மணி அடித்தால் ஐம்பதை நெருங்கும் மனிதன் சோபாவைத் தாண்டிக் குதித்து எடுப்பான். "தம்பி மேல எவ்வளவு பாசம் பாரு," என்பாள் சுல்மீரா, லீனாவிடம்.

பிறகு தவணை ஏறியது. சுல்மீரா முணுமுணுக்காமல் பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். டெலியோ சாப்பாட்டுத் தட்டின்மேல் தலையைக் குனிந்துகொண்டு, உனக்கு எதற்கு இந்தக் கஷ்டம் என்றான்.

"நீ உங்கப்பா நிலத்தையே குடுத்துட்ட. நான் ரெண்டு கைய குடுக்கமாட்டேனா?"

அந்தச் சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை. இறங்காவிட்டாலும் சாப்பிட்டு முடித்தான்.

அடுத்த வருடம் பால் விலை விழுந்தது. பண்ணைக்காரர்கள் நொண்டுகிற மாட்டுக்கு மட்டும் குளம்பு பார்த்தால் போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். டெலியோவின் இரும்பு மேசை வாரத்தில் பாதி நாள் வாசலில் நின்றது. தவணை நின்றது. வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால், வீட்டு விலை கடனில் பாதிக்கு இறங்கிவிட்டிருந்தது. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். வீடு விற்றுத் தருகிற ரூடி, ஷார்ட் சேல் பண்ணிவிடலாம் என்றான். அதாவது, கிடைத்த விலைக்கு வீட்டை விற்க வங்கி சம்மதிக்கும். குறைகிற தொகையைக் கேட்காமல் விட்டுவிடும். வாங்க ஆள் வந்தது, வங்கியும் சரி என்றது. பிப்ரவரி நடுவுக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

"வரி கிரி ஏதாவது வருமா?" என்று டெலியோ கேட்டான்.

"வரியா? புதுச் சட்டம் வந்தாச்சு டெலியோ. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடு," என்றான் ரூடி.

டெலியோ கண்ணை மூடிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தான். சுல்மீராதான் விடவில்லை. சமையல்கூடத்தில் கூட வேலை செய்கிறவளின் மச்சானுக்கு வீடு போன மறுவருடம் வரி கட்டச் சொல்லி ஓலை வந்ததாம்.

"வரிக் கணக்கு எழுதற டோனா ஒடீலியாம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுவோம்."

வரிக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு, பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று கேட்பதைத் தவிர வேறு வேலை கிடையாது என்பது அவனுக்குத் தெரியும்.

"நான் மட்டும் போய்ட்டு வரேன். நீ எதுக்கு லீவு போடற?"

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கடன் டெலியோ. நானும் வரேன்."

ஒடீலியாவின் அலுவலகம் ரொட்டிக்கடைக்குப் பக்கத்தில் ஒரே ஓர் அறை. எழுபது வயசிருக்கும். அந்தப் பக்கத்துப் போர்ச்சுகீசியர்களின் கணக்கு முழுக்க அவர் கையில்தான். மேசையில் ஒரு கிண்ணத்தில் உப்பில் ஊறிய மொச்சையை வைத்துக்கொண்டு, தோலைப் பல்லால் உரித்துத் துப்பியபடியே கணக்குப் பார்ப்பார்.

"வா மாட்டு வைத்தியரே. உக்காரு. காலத் தூக்கி மேசை மேல வச்சுடாத, பழக்க தோஷத்துல."

சுல்மீரா சிரித்தாள். டெலியோவும் சிரிக்கப் பார்த்தான். ஒடீலியா விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிக்கொண்டார்.

"பாங்க் உனக்கு விட்டுக்குடுக்கிற பணத்த கவர்மெண்ட் உன் சம்பளம் மாதிரி பாக்கும். கையில ஒரு காசு வரலையேன்னு நீ அழலாம். அன்னைக்கே வாங்கியாச்சு, இப்பத் திருப்பித் தரல, அப்ப அது வருமானம்தாங்கிறான்."

"ரூடி வரியே இல்லன்னானே?"

"ரூடிகிட்ட வீட்டு விலை கேளு, வரி கேக்காத. சட்டம் வந்தது வாஸ்தவம். குடியிருக்கிற வீட்ட வாங்கவோ கட்டவோ பெரிசா மராமத்து பண்ணவோ வாங்கின கடன்னா வரி இல்ல. அதே வீட்டக் காட்டி வேற செலவுக்கு வாங்கிருந்தா அந்தப் பங்குக்குச் சலுகை கிடையாது. அதுலயும் ஒரு குசும்பு. பாங்க் விட்டுக்குடுக்கும்போது, அந்த வேற செலவுப் பணத்ததான் முதல்ல விட்டதாக் கணக்கு."

"முதல்லயா?" என்றான் டெலியோ.

"முதல்ல. மிச்சம்தான் வீட்டுக் கடன்."

அவனுக்குச் சுருக்கென்றது. மாதா மாதம் தவணை கட்டுகிறவரை அவனுக்கு ஒரு சமாதானம் இருந்தது. கடன் வாங்கிப் போட்ட விருந்தாக இருந்தாலும், மெல்ல மெல்லக் கட்டி முடித்தால் அது என் கைக்காசுதானே என்று. இப்போது வங்கி முதல் வேலையாக அந்த விருந்தைத்தான் விட்டுக்கொடுக்கப் போகிறது. அப்படியானால் ஊருக்குச் சோப்பாஸ் போட்டது வங்கி. தூய ஆவிக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது.

"எங்களுக்கு அந்தத் தொல்லையே இல்ல," என்றாள் சுல்மீரா நிம்மதியாக. "நாங்க வீட்டு மேல வேற எதுவும் வாங்கல. ரெண்டாயிரத்து ஆறுல வட்டிய குறைச்சாங்க, அவ்வளவுதான்."

ஒடீலியா டெலியோ கொண்டுவந்த காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். இன்னொரு மொச்சையை வாயில் போட்டுக்கொண்டார். தோலைத் துப்பவில்லை.

"இல்லம்மா. பழைய கடன முடிச்சு புதுக் கடன். கையில குடுத்தது அறுபதாயிரம். மே மாசம். இது எங்க போச்சு?"

காகிதத்தைத் திருப்பி சுல்மீராவின் பக்கம் வைத்தார். அவள் தன் கையெழுத்தைப் பார்த்தாள். தொகையைப் பார்த்தாள். பிறகு மாதத்தைப் பார்த்தாள். திருவிழா ஜூன் முதல் வாரம்.

டெலியோவிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. டிரக்கும் மேசையும் வாங்கினேன் என்று சொல்வதாக வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். வாயைத் திறந்தான். அதற்குள் சுல்மீரா பேசிவிட்டாள்.

"திருவிழாவுக்குப் போச்சு," என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எழுதிக்குங்க. பொண்ண ராணியா நிறுத்தினோம். அதுக்கு."

ஒடீலியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் காதுக்கும் நிலக் கதை எட்டியிருக்கும், எட்டாமல் இருக்குமா? காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப அறுபதாயிரத்துக்கு வரி வரும். பொறு, முகத்த அப்படி வச்சுக்காத. இன்னொரு கதவு இருக்கு. பாங்க் விட்டுக்குடுக்கிறதுக்கு முந்தின நிமிஷம் உன் கடனெல்லாம் எவ்வளவு, உனக்குன்னு இருக்கிறதெல்லாம் எவ்வளவுன்னு பாப்பாங்க. இருக்கிறதவிடக் கடன் கூட இருந்தா, கூட இருக்கிற அளவுக்கு வரி கிடையாது. ஆனா ஒண்ணும் ஒளிக்கக்கூடாது. டிரக்கு, மேசை, சேமிப்பு, நகை, அந்த அங்கிகூட எழுதணும். உலகத்துல எங்க எது இருந்தாலும் சொல்லணும்."

டெலியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தீவுல ஒரு நிலம் இருக்கு," என்றாள் சுல்மீரா. "இவரு பேர்ல. அதையும் எழுதிக்குங்க."

"விலை என்ன போகும்?"

"அது இவருக்குத்தான் தெரியும்."

டெலியோ ஒரு தொகை சொன்னான். சொன்னது அவன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. ஒடீலியா எல்லாவற்றையும் கூட்டினார், கழித்தார், இன்னொரு தரம் கூட்டினார். நிலத்தையும் சேர்த்தும்கூடக் கடன் எங்கேயோ உயரத்தில் நின்றது.

"ஒண்ணும் வராது," என்றார் சந்தோஷமாக. "ஒரு காசு வரி கிடையாது. அடுத்த வருஷம் பாங்க்லேர்ந்து ஒரு காகிதம் வரும், பயந்துடாத, நேரா என்கிட்ட கொண்டுவா. தைரியமாக் கையெழுத்துப் போடுங்க."

"அப்ப இவரு யாருக்கும் எதுவும் குடுக்க வேண்டியதில்ல?" என்று சுல்மீரா கேட்டாள்.

"யாருக்கும் இல்ல. பாங்கும் விட்டாச்சு, கவர்மெண்டும் விட்டாச்சு."

"நல்லது," என்று எழுந்தாள்.

வரி வந்திருந்தால் தேவலை என்று டெலியோவுக்குத் தோன்றியது. பெரிய தொகையாக, நாலைந்து வருடம் மாட்டுக்காலோடு மல்லாடிக் கட்டுகிற மாதிரி ஒன்று. கட்டுவதற்கு ஏதாவது இருந்தால் மனிதன் நிமிர்ந்து உட்காரலாம். அவன் குற்றத்துக்கு இந்த நாட்டில் விலையே இல்லை என்று ஒரு கிழவி கூட்டிப் பெருக்கிச் சொல்லிவிட்டார்.

டிரக்கில் திரும்பினார்கள். பாதாம் தோப்புகள் பூத்திருந்தன. அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உர்பானோவுக்கு இன்னைக்கே போன் பண்ணி நிலத்த வித்துடறேன்," என்றான் டெலியோ.

"வித்து?"

"உன்கிட்ட குடுத்துடறேன்."

"பணத்த நான் என்னைக்கு உன்கிட்ட கேட்டேன்?" திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீ சாப்பிடும்போது பேசாம இருந்தா, நிலத்த நினைச்சுக்கிட்டிருக்கன்னு நான் தட்டுகூடச் சத்தம் போடாம எடுப்பேன் டெலியோ. நாலு வருஷமா. அந்தத் திருவிழாவுல ஒவ்வொரு பொம்பளைகிட்டயும் போய்ச் சொன்னேன், என் புருஷன் பொண்ணுக்காக அப்பன் நிலத்தையே குடுத்தான்னு. யாரும் கேக்கல. நானா சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அவ்வளவு சந்தோஷம்."

"சுல்மீரா..."

"இப்ப வீடு போகுது. ஞாயித்துக்கிழமை மன்றத்துல கார்னிவல். எல்லாரும் கேப்பாங்க. நிலத்தையும் வித்து வீட்டையும் விட்டுட்டானேன்னு உச்சு கொட்டுவாங்க. நான் ஆமான்னு சொல்லணும். இதுவரைக்கும் பொய்னு தெரியாம சொன்னேன். இனிமே தெரிஞ்சு சொல்லணும். இத யாரு எனக்கு விட்டுத் தருவா?"

அன்று சாயங்காலமே ரூடியிடம் போய் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் இந்தத் தடவை ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுப் போட்டாள். அவசரமில்லை, ரூடிதான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கார்னிவல் ஞாயிற்றுக்கிழமை மன்றம் நிரம்பி வழிந்தது. தெர்சேராக்காரர்களுக்குக் கார்னிவல் என்றால் கூத்துதான். ஊர் ஊராகக் குழுக்கள் பிடிலும் கிட்டாருமாக வந்து, ஆடிப் பாடி, ஊரில் உள்ளவர்களைக் கிண்டலடித்துவிட்டு அடுத்த மன்றத்துக்குப் போவார்கள். ஒரு குழு போய் இன்னொரு குழு வருகிறவரை கூட்டம் மொத்தமும் சமையலறைப் பக்கம் பாயும். சுல்மீரா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று ஃபில்யோஷ் பொரித்துக்கொண்டிருந்தாள். புளித்த மாவை இழுத்து எண்ணெயில் போட்டு, உப்பியதும் எடுத்துச் சர்க்கரையில் புரட்ட வேண்டும். டெலியோ தட்டுகளை அடுக்கி நீட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. இங்கே அது யாருக்கும் தெரியக்கூடாதென்று பேசிக்கொண்டார்கள்.

மன்றத் தலைவரின் மனைவி எல்வீரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நல்ல மனசு, பெரிய குரல். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள்.

"கேள்விப்பட்டேன் சுல்மீரா. வீடும் போயிடுச்சாமே. இந்த டெலியோவுக்கா இப்படி? அப்பன் நிலத்த வித்து ஊருக்கே சோப்பாஸ் போட்ட மனுஷன். நீ சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

சுல்மீராவின் கையில் இழுத்த மாவு அப்படியே நின்றது. ஆமாம் என்று சொல்ல அவள் வாய் திறப்பதை டெலியோ பார்த்தான். அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லக்கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் அவன் யோசிக்கவில்லை.

"நிலத்த நான் விக்கல," என்றான்.

எல்வீரா சிரித்தாள். "என்னப்பா, நீயும் கூத்துல சேந்துட்டியா?"

"விக்கல. அப்படியே இருக்கு. விக்க மனசு வரல. திருவிழாவுக்கு வீட்டு மேல கடன் வாங்கினேன். அத இப்ப பாங்க் வேண்டாம்னு விட்டுடுச்சு. நீங்கல்லாம் சாப்பிட்டது என் காசு இல்ல."

சொல்லி முடித்ததும் தோளிலிருந்து மாட்டின் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இனி எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்வீராவும் மற்ற பெண்களும் சுல்மீராவைப் பார்த்தார்கள். நிலத்தை விற்ற கதையை ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொன்னது அவன் இல்லையே.

அப்போதுதான் டெலியோவுக்கு உறைத்தது. இரண்டு நாளாகத் தன் பாரத்தைப் பற்றியே யோசித்திருக்கிறான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இந்தத் தடவையும்.

"அப்ப நீ என்கிட்ட சொன்னது?" என்று எல்வீரா மெதுவாகக் கேட்டாள். அவளுக்கும் மெதுவாகப் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது. "உனக்குத் தெரியாதா சுல்மீரா? உன்கிட்டயே மறைச்சுட்டானா?"

சுல்மீரா மாவை எண்ணெயில் விட்டாள். அது உப்பி மேலே வருகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட எதுக்கு மறைக்கணும்? எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். "கடன் பத்திரத்துல என் கையெழுத்தும்தான் இருக்கு. நான்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

டெலியோ இல்லை என்று சொல்ல வந்தான். சொன்னால் அவள் நாலு வருடம் புருஷனிடம் ஏமாந்தவள். சொல்லாவிட்டால் ஊரை ஏமாற்றியவள். அவனைக் காப்பாற்றச் சொன்னாளா, ஏமாந்தவள் என்று பேர் வாங்கப் பிடிக்காமல் சொன்னாளா, அவனுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் அவள் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அவனால் வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும்தான் முடிந்தது.

எல்வீரா கையிலிருந்த தட்டை மேடையில் வைத்துவிட்டு, பெண்களோடு திரும்பிப் போனாள். உள்ளே அடுத்த குழுவின் பிடில் கேட்டது. கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது.

சுல்மீரா பொரித்ததை எடுத்துச் சர்க்கரையில் புரட்டினாள். பாதிச் சர்க்கரை தரையில் கொட்டியது.

"தட்ட குடு," என்றாள், அவனைப் பார்க்காமல்.

டெலியோ கொடுத்தான்.